ஒன்பதாவது நிமிடம்

என் அக்காவின் பாடத்திட்டத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததில் அவள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பார்க்க அது தேவைப்படும்.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடமாக ஒரே தொடக்கப்பள்ளியில் உதவி ஆசிரியை. உதவி என்றால், வகுப்பு ஆசிரியை விடுப்பில் போனால் பாடம் நடத்துவது, போகாத நாளிலும் பாதிப் பாடம் நடத்துவது, மூக்கு துடைப்பது, ஷூ லேஸ் கட்டுவது, வாந்தி எடுத்தால் வாளியோடு ஓடுவது. எல்லாம் செய்வாள். காகிதத்தில் மட்டும் அவள் ஆசிரியை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விதி வந்தது. பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இனி வகுப்பறையில் நிற்கக் கூடாது. இந்த ஆண்டு முடிவதற்குள் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள். எழுத்துத் தேர்வுகளை எப்படியோ தாண்டினாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். தேர்வாளர் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நாற்பது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு வாய்ப்பு. முதல் வாய்ப்பில் தோற்றுவிட்டாள்.

தோற்றது பாடத்தில் இல்லை, தாளில். பாடத்திட்டப் படிவத்தில் நான்கு பத்திகள் இருக்கும். நேரம், ஆசிரியர் செய்வது, மாணவர் செய்வது, எதிர்பார்க்கும் விடை. அந்த நான்காவது பத்தியில் அக்கா மேலிருந்து கீழ்வரை ஒரே பதிலை எழுதி வைத்திருந்தாள்: 'கேட்டால்தான் தெரியும்.' தேர்வாளர் திட்டத்துக்கு முப்பதுக்கு மூன்று போட்டுவிட்டுப் போனார்.

அவள் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருக்கிறேன். இரவு முழுக்க பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கும் வேலை. காலை ஆறரைக்குத் திரும்பி வந்து, அவள் அடுக்களையில் ஒரு டீ குடித்துவிட்டு மேலே போய்த் தூங்குவேன். ஒரு நாள் காலையில் டீக்குப் பதிலாக அந்தப் படிவத்தை என் முன்னால் வைத்தாள்.

"டேய், இதை எழுதிக் குடுடா."

"நான் எதுக்கு?"

"நீதான் இதுல புலி ஆச்சே."

புலிதான். அதே கல்லூரியில் பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் படித்தேன், பாதியில் விட்டேன். படித்த வரைக்கும் நாற்பது பாடத்திட்டம் எழுதினேன். ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இருக்காது. மற்ற மாணவர்கள் கடன் வாங்கிப் பார்த்து எழுதுவார்கள். வகுப்பில் நின்று பாடம் நடத்தியது மட்டும் மொத்தமே ஆறு நிமிடம். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். மச்சான் ஒரு தடவை பேச ஆரம்பித்து, அக்கா முறைத்த முறைப்பில் டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"மாட்டிக்கிட்டா உன் கதை முடிஞ்சுது" என்றேன்.

"எழுதலைன்னாலும் முடிஞ்சுது. எப்படி முடியணும்னு நான் முடிவு பண்ணிக்கறேன். நீ எழுது."

எழுதினேன். நான்காம் வகுப்பு, கணக்கு, பின்னம். மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா. நாற்பது நிமிடத்தையும் நிமிடம் நிமிடமாகப் பிரித்தேன். உண்மையைச் சொன்னால், எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அந்தத் தாளில் இருக்கும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். கேட்டால் பதில் சொல்வார்கள், கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள், ஒருவரும் ஒன்றுக்குப் போகக் கேட்க மாட்டார்கள். மாணவர் ஒன்று, மாணவர் இரண்டு, மாணவர் மூன்று என்று எண் போட்டு வைத்தேன்.

பாடத்தின் உயிர்நாடி ஒன்பதாவது நிமிடம். அங்கே மாணவர் மூன்று எழுந்து, 'நான்கில் ஒரு பங்குதான் பெரியது, ஏனென்றால் மூன்றைவிட நான்கு பெரியது' என்று தவறாகச் சொல்ல வேண்டும். உடனே ஆசிரியை இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். மூன்றில் ஒரு பங்குதான் நீளம் என்று எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள். தவறிலிருந்து சரிக்குப் போவது. தேர்வாளர்களுக்கு இது மிகவும் பிடிக்கும்.

மறுநாள் காலையில் அக்கா ஒத்திகை பார்த்தாள். அடுப்பு மேடை கரும்பலகை, நான் வகுப்பு. மச்சான் பேருந்து ஓட்டுநர் சீருடையில் பொத்தான் போட்டுக்கொண்டே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"மாணவர் மூணு எந்திரிங்க" என்றாள் அக்கா.

"நாலுல ஒண்ணுதான் பெருசு டீச்சர்" என்றேன்.

"இவனுக்கு நிஜமாவே தெரியாது போல" என்றார் மச்சான்.

"நீங்க வண்டியப் போய் எடுங்க" என்றாள் அக்கா. பிறகு தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுல ஒரு சிக்கல் இருக்குடா. என் கிளாஸ்ல குண்டூசின்னு ஒருத்தி இருக்கா."

"குண்டூசியா?"

"பசங்க வச்ச பேரு. எல்லாத்தையும் குத்திப் பார்ப்பா. நேத்து சும்மா பேச்சுவாக்குல இந்தக் கேள்விய கேட்டேன். அவ சரியாச் சொல்லிட்டா. அவ சொன்னா மொத்த கிளாஸும் ஆமாம் போடும். அப்புறம் உன் ஒன்பதாவது நிமிஷத்துல நான் என்ன பண்றது?"

எனக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் பெட்டி தூக்கியவனுக்கு அந்த நேரத்தில் எல்லாக் கேள்வியும் ஒன்றுதான்.

"அப்ப அவளையே தப்பாச் சொல்லச் சொல்லு" என்றேன்.

மேலே போய்ப் படுத்துவிட்டேன். விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று பிற்பாடு நினைத்துப் பார்த்தேன். ஆனால் அப்போது விளையாட்டாகச் சொன்னேனா என்பது எனக்கே தெரியாது.

துணைக்கருவி செய்யும் பொறுப்பும் என்னுடையது. அதற்குத் தனியாக இருபது மதிப்பெண். கிடங்கில் பெட்டிகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளை வெட்டி மூலையில் குவித்து வைப்பார்கள். அதில் ஒரு மஞ்சள் பட்டையையும் ஒரு நீலப் பட்டையையும் எடுத்துக்கொண்டேன். மஞ்சளை மூன்றாக மடித்து வெட்டினேன். நீலத்தை நான்காக மடித்து வெட்டினேன். தனித்தனியாக ரப்பர் வளையம் போட்டு, பையில் போட்டேன். மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி நேராக இருந்தது. தேர்வு நாளன்று காலையில்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, நேரம் இல்லை.

துண்டுகளை ஒட்டிக் காட்டுவதற்குத் துணி போர்த்திய பலகை ஒன்று இருந்தது. அது பேருந்தில் அவள் ஒருத்தியால் கொண்டுபோக முடியாத அளவு. அதனால் நானும் போனேன். தூக்கம் கண்ணில் மணல் மாதிரி அரித்தது. பலகையை வகுப்பில் சாய்த்து வைத்துவிட்டு, வராந்தாவில் ஜன்னலுக்குக் கீழே இருந்த பெஞ்சில், திரும்பினால் வகுப்பு தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தேர்வாளர் வந்தார். அவரைப் பார்த்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் காலத்திலேயே அங்கே விரிவுரையாளராக இருந்தவர். கழுத்தில் கயிறு போட்டு நிறுத்துக் கடிகாரம் தொங்கும். அதனால் 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர். இப்போது முடி முழுக்க வெளுத்திருந்தது, கயிறு மட்டும் புதுசு. என்னைத் தாண்டி உள்ளே போனார். அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தேன்.

வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். பின்பெஞ்சில் அவருக்காக ஒரு பெரிய நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்காராமல் பிள்ளைகளின் பெஞ்சிலேயே காலை மடக்கி உட்கார்ந்தார். கடிகாரத்தை அழுத்தினார்.

முதல் எட்டு நிமிடம் நான் எழுதியபடியே போனது. ஒரு சொல் மாறவில்லை. அக்காவின் குரல்தான் அவள் குரலாக இல்லை. வீட்டில் மச்சானைத் திட்டும்போதும் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும்போதும் வருகிற குரல் வேறு. இது வானிலை அறிக்கை வாசிக்கிற குரல். பிள்ளைகளும் விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துணிப் பலகையில் ஒரு மஞ்சள் துண்டு, ஒரு நீலத் துண்டு, இரண்டும் எட்ட எட்ட ஒட்டியிருந்தன.

"மஞ்சள் துண்டு மூன்றில் ஒரு பங்கு. நீலத் துண்டு நான்கில் ஒரு பங்கு. இதில் எது பெரியது?"

பத்துப் பதினைந்து கைகள் உயர்ந்தன. அக்கா முன் பெஞ்சில் இருந்த ஒரு ஒல்லிப் பெண்ணைக் காட்டினாள். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை. எழுந்து நின்றாள். பின்னால் திரும்பித் தேர்வாளரைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"டீச்சர், இப்பதான் தப்பாச் சொல்லணுமா?"

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பின்பெஞ்சில் பேனா நின்றுவிட்டது. தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார்.

குண்டூசிக்குத் தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று புரிந்தது. முகம் சுண்டிவிட்டது. "நான் மறக்கலை டீச்சர். எப்ப சொல்லணும்னுதான் கேட்டேன்" என்றாள். அழுகை வரும் குரல்.

அக்கா கையில் இருந்த தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நீ ஒண்ணும் தப்பு பண்ணலை" என்றாள். அது வீட்டுக் குரல். "நான்தான் பண்ணினேன். தெரிஞ்சுக்கிட்டே தப்பாச் சொல்லுன்னு உன்கிட்ட சொன்னேன். அது ஒரு டீச்சர் பண்ற வேலை இல்ல. எல்லாருக்கும் கேட்டுதா? இப்ப உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு."

"மூணுல ஒண்ணுதான் பெருசு டீச்சர். அதை நான் அன்னைக்கே சொன்னேன்."

"சரி, வந்து வச்சுக் காட்டு."

குண்டூசி போய், பலகையிலிருந்து இரண்டு துண்டுகளையும் பிய்த்து எடுத்தாள். ஒரு முனையைச் சேர்த்து மேசைமேல் வைத்தாள். குனிந்து பார்த்தாள். மறுபடி எடுத்து, தட்டிச் சேர்த்து வைத்தாள்.

"டீச்சர்" என்றாள் மெதுவாக. "தப்புதான் சரியா இருக்கு."

நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நீலம் மஞ்சளைவிட ஒரு விரல் அகலம் நீண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டைகள் பெட்டியிலிருந்து வெட்டி எடுத்தவை. மஞ்சள் சின்னப் பெட்டியைச் சுற்றியிருந்தது, நீலம் பெரிய பெட்டியை. ஒன்றை மூன்றாக மடித்தேன், மற்றொன்றை நான்காக மடித்தேன். வெட்டுவதற்கு முன்னால் இரண்டையும் ஒருதரம் பக்கத்தில் போட்டுப் பார்க்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நாற்பது திட்டத்தில் முப்பது தடவையாவது 'துணைக்கருவியை முன்கூட்டியே சரிபார்க்கவும்' என்று என் கையால் எழுதியிருப்பேன்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. மச்சானை வாசலுக்கு விரட்டிய அதே பார்வை.

"ஏமாத்து" என்றான் நடு பெஞ்சில் ஒரு பையன். "டீச்சர், புத்தகத்துல மூணுல ஒண்ணுதான் பெருசுன்னு போட்டிருக்கு."

"கண்ணு முன்னாடி நீலம்தானே பெருசா இருக்கு" என்றான் இன்னொருவன்.

"புத்தகம் தப்பா?"

"கத்திரிக்கோல் தப்பு."

எல்லோரும் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். உட்காருங்கள் என்று அக்கா சொல்லவில்லை. என் திட்டத்தில் பதினோராவது நிமிடத்தில் மாணவர்கள் குறிப்பேட்டில் படம் வரைந்துகொண்டிருக்க வேண்டும். அவள் மேசைமேல் முழங்கையை ஊன்றி, பிள்ளைகளின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"எனக்கும் இது இப்பதான் தெரியும்" என்றாள். "புத்தகம் ஒண்ணு சொல்லுது, பட்டை ஒண்ணு சொல்லுது. யார் பக்கம் தப்பு? எப்படிக் கண்டுபிடிக்கறது?"

ஸ்கேலை வைத்து அளக்கலாம் என்றான் ஒருவன். அளந்தார்கள். நீலம்தான் நீளம், அது ஏற்கெனவே தெரிந்ததுதான். நீலத்தைச் சரியாக வெட்டவில்லை, நாலும் ஒரே அளவாக இருக்காது என்றாள் ஒருத்தி. பையிலிருந்து மற்ற மூன்று நீலத் துண்டுகளையும் எடுத்து அடுக்கினார்கள். நாலும் ஒரே அளவு. மஞ்சளிலும் மூன்றும் ஒரே அளவு. எனக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் இதுவரை கூட்டத்துக்கு வெளியே நின்று, தன் நோட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அக்கா அவளை அவசரப்படுத்தவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்காரி நிமிர்ந்ததும், "என்னம்மா?" என்றாள்.

"முழுசு எங்க டீச்சர்?"

"எந்த முழுசு?"

"வெட்டறதுக்கு முன்னாடி இருந்தது."

"அதான் வெட்டியாச்சே" என்றான் ஏமாத்து என்று சொன்ன பையன்.

குண்டூசி அவனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். துண்டுகளை அள்ளித் தரையில் போட்டாள். மஞ்சள் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்தாள். அதற்குப் பக்கத்தில் நீலம் நாலையும் வைத்தாள். நீல வரிசை மஞ்சளைத் தாண்டி, பெஞ்சின் கால் வரைக்கும் போனது.

பிள்ளைகள் குனிந்து இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பெரிய பட்டையில கால் பாகம். சின்னப் பட்டையில மூணுல ஒண்ணு" என்றாள் குண்டூசி. "அது எப்படி டீச்சர் சண்டைக்கு விடறது? ரெண்டும் வேற வேற வீடு."

"அப்ப புத்தகம்?"

"புத்தகத்துல ஒரே பட்டைன்னு நினைச்சுக்கணும்" என்றாள் கண்ணாடிக்காரி.

"நினைச்சுக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கா?" என்றாள் அக்கா.

புத்தகத்தைப் புரட்டினார்கள். போட்டிருக்கவில்லை. படத்தில் இரண்டு பட்டையும் ஒரே நீளமாக வரைந்திருந்தது, அவ்வளவுதான். பிறகு அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஒரே அளவில் இரண்டு கீற்று வெட்டி, இரண்டு பையன்களிடம் கொடுத்தாள். ஒருவன் மூன்றாக மடித்தான், ஒருவன் நான்காக. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. தொகுத்துரைத்தல், மதிப்பீடு, வீட்டுப்பாடம், என் திட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடமும் நடக்கவே இல்லை.

தேர்வாளர் கடிகாரத்தை நிறுத்தியதை நான் பார்க்கவில்லை. மணி அடித்த பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பிள்ளைகள் இடைவேளைக்கு ஓடினார்கள். அக்காவும் தேர்வாளரும் வராந்தாவுக்கு வந்தார்கள். அக்கா என் பெஞ்சுக்கு முன்னால் நின்று, அவர் வாய் திறப்பதற்கு முன்னால் சொன்னாள்.

"சார், திட்டம் நான் எழுதினது இல்ல. இதோ இவன், என் தம்பி எழுதினான். அந்தப் பொண்ணைத் தப்பாச் சொல்லச் சொன்னது நான்தான். நீங்களாக் கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முதல் பக்கத்துலயே தெரிஞ்சுது" என்றார். "இந்தக் கையெழுத்தை நான் நாற்பது தடவை திருத்தியிருக்கேன். திருத்த ஒண்ணும் இருந்ததில்லை."

நான் எழுந்து நின்றேன். வணக்கம் சார் என்றேன்.

"அன்னைக்கு அந்தப் பையன் உன்கிட்ட என்ன கேட்டான், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஆறாவது நிமிடம். ஐந்தாம் வகுப்பு. நான் திட்டத்தில் இருந்ததை எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டாவது பெஞ்சுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"'சார், செவுத்துகிட்ட ஏன் பேசறீங்க'ன்னு கேட்டான் சார்."

"ம்" என்றார். அவர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. வகுப்பு அன்று சிரித்த சிரிப்பில் நான் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு நடந்தவன், கல்லூரி வாசலில்கூட நிற்கவில்லை. "அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லியிருந்தா போதும், நான் பாஸ் போட்டிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பேச்சை அங்கேயே விட்டார். அக்காவின் பக்கம் திரும்பினார்.

"விதிப்படி நான் இதை இங்கயே நிறுத்தி, அடுத்தவர் எழுதின திட்டம்னு குறிப்பு எழுதிட்டுப் போகணும்."

"தெரியும் சார்."

"ஆனா இந்தத் திட்டப்படி நீங்க ஒன்பது நிமிஷம்தான் நடத்தினீங்க. மீதி முப்பத்தோரு நிமிஷத்துக்குத் திட்டமே என் கையில இல்ல. முடியாத பாடம். முடியாத பாடத்துக்கு நான் மார்க் போடறதில்லை." தாளை அவளிடம் நீட்டினார். "நாளைக்கு இதே பீரியட் வரேன். இன்னைக்கு விட்ட இடத்துலேருந்து முடிக்கணும். திட்டம் உங்க கையெழுத்துல இருக்கணும்."

"எனக்கு அந்த நாலாவது பத்தி வராது சார். என்ன சொல்வாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதா?" என்றார். "கண்ணாடி போட்ட பொண்ணு வரைஞ்சு முடிக்கற வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு நின்னீங்க?"

"அவ எழுதிப் பாத்துட்டுதான் சொல்வா. நடுவுல கேட்டா மூடிக்குவா."

"அதைத்தான் அந்தப் பத்தியில எழுதணும். இதுல" என்று என் திட்டத்தைக் காட்டினார், "இந்த வகுப்புல இருக்கற ஒரு பிள்ளைகூட இல்ல." பிறகு ஒரு விரலைத் தூக்கினார். "அந்தச் சின்னப் பொண்ணைப் பொய் சொல்லச் சொன்னதுக்கு வெட்டுவேன். அது எனக்கு மறக்காது."

"வெட்டுங்க சார்" என்றாள் அக்கா.

அன்று நான் மாலை வரை தூங்கினேன். இறங்கி வந்தபோது அக்கா சாப்பாட்டு மேசையில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். மேசை முழுக்கக் கசக்கிய தாள்கள். மச்சான் அவள் காலடியில் சம்மணமிட்டு, புதிதாக வாங்கிய ரிப்பனை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒரே நீளம்தானே?" என்றேன்.

"நீ பேசாத" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கையெழுத்து மழையில் நனைந்த எறும்பு வரிசை மாதிரி இருந்தது. நான்காவது பத்தி மட்டும் இடம் போதாமல் ஓரத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஓடியிருந்தது. 'குண்டூசி முதலில் சொல்வாள். அவளைக் கடைசியாகக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் யோசிக்க மாட்டார்கள்.' 'ஏமாத்து என்பவன் ஒப்புக்கொள்ள மாட்டான். அவன் கையாலேயே வெட்ட விட வேண்டும்.' 'ஜன்னலோரம் இருப்பவன் ஐந்தில் ஒரு பங்கு இன்னும் பெரியது என்பான், தைரியம் வந்தால்.' இருபத்தாறு பேரும் அதில் இருந்தார்கள்.

மூன்றாவது வரியில் நேரக் கணக்கு தப்பாக இருந்தது. எட்டு நிமிடத்தையும் பன்னிரண்டு நிமிடத்தையும் கூட்டிப் பதினெட்டு என்று போட்டிருந்தாள். சொல்லலாமா என்று யோசித்தேன். பேனா என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. என்ன பார்க்கிறாய் என்பது போல அவள் திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல. கூட்டலை மட்டும் ஒருதரம் பாரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

மறுநாள் நான் போகவில்லை. அக்கா கூப்பிடவும் இல்லை. காலையில் வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. பத்து மணி, பத்தே முக்கால், பன்னிரண்டு என்று சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நாலரைக்குக் கீழே கதவு சத்தம் கேட்டது. படியில் பாதி இறங்கி நின்றேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஜன்னலோரத்தான் வாயைத் திறந்தான்டா" என்றாள். "அஞ்சுல ஒண்ணுதான் பெருசுன்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பாவம், பயந்துட்டான். அப்புறம் அவனையே வெட்ட வச்சேன்."

"அதைக் கேக்கலை. மார்க்."

"பாடம் முப்பத்தஞ்சு. பத்து வெட்டிட்டார், சொன்ன மாதிரியே. திட்டம் பதினாறு. கூட்டல் சரியா இருந்தா பதினெட்டாம்."

"சொன்னேன்ல."

"சொன்னே. பாத்தேன். பாத்தும் தப்பாத்தான் போட்டிருக்கேன்."

முப்பத்தைந்தும் பதினாறும் ஐம்பத்தொன்று. நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"துணைக்கருவிக்கு?" என்றேன்.

"அதுக்கு ரிப்பனைக் கொண்டுபோய்க் காட்டினேன். முதல் நாள் கொண்டுவந்ததுக்குதான் போடுவேன்னுட்டார். உன் பட்டைக்கு நாலு."

"இருபதுக்கா?"

"இருபதுக்கு." தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள். "அஞ்சுல ஒண்ணு. கால்கூட இல்ல."

பையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட மஞ்சள் கட்டையும் நீலக் கட்டையும் எடுத்தாள். குப்பையில் போடப்போகிறாள் என்று நினைத்தேன். அலமாரியைத் திறந்து, மேல்தட்டில் வைத்தாள்.

"அது எதுக்கு?"

"அடுத்த வருஷம் நாலாம் வகுப்பு வரும்ல" என்றாள். "இதையேதான் கொண்டுபோவேன். நீ போய்த் தூங்கு."